காலைப் பிடித்த பேன்ட்

கிடர்பூர்,
கல்கத்தா.

என்றும் சௌபாக்கியத்தோடு இருக்க வேண்டிய அமலாவுக்கு அனந்தகிருஷ்ணன் எழுதுவது. நான் நலம். நீயும் தேவிப்ரியாவும் பேத்தியும் நலம் என்று நேற்றே போனில் சொல்லிவிட்டீர்கள். ஆனாலும் கேட்டு எழுதுவதுதான் மரியாதை. போனிலேயே பேசலாமே என்பாய். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை "வணக்கம் மாமா" என்கிறார், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றி ஏதோ பேசி வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

மகள் பிரசவத்துக்கென்று மழைக்கு முன்னால் தாம்பரம் போனாய். இங்கே துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுவிட்டார்கள். அவசரமே இல்லை, குழந்தைக்குத் தலை நிற்கும்வரை இருந்துவிட்டு வா. நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன், ஒரே ஒரு சமாசாரம் தவிர.

மைதானத்தில் காலையில் நடக்கும்போது நீ எப்போதும் முன்னால் போவாய், நான் உன் முந்தானையைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவேன். நீ திரும்பி வந்ததும் உன் பக்கத்திலேயே நடக்க வேண்டும் என்று ஓர் ஆசை. அதற்காக ஓடிப் பழக ஆரம்பித்தேன். மறுநாளே மாடிப்படி இறங்க முடியவில்லை, கெண்டைக்கால் சதை கல்லாகிவிட்டது. கூட ஓடுகிற கௌசிக், "கம்ப்ரஷன் பேன்ட் போடுங்க அங்கிள், காலை இறுக்கிப் பிடிக்கும், சதை லேசாயிடும். ரெண்டு மணி நேரம் போதும்" என்றான். கடையில் இடுப்பளவு கேட்டார்கள். நம் கல்யாணத்தின்போது இருந்த அளவைச் சொல்லிவிட்டேன். அதற்குள் நுழையவே பாதிக் காலைப்பொழுது போயிற்று. ஆனால் போட்டதும், அமலா, யாரோ ரெண்டு கையாலும் காலை அமுக்கிப் பிடித்துவிடுகிற மாதிரி இருந்தது. வலி குறைந்ததா என்று கவனிக்கவில்லை. கழற்ற மனசு வரலை. அப்படியே சாப்பிட்டேன், அப்படியே தூங்கினேன்.

விடிந்ததும் கழற்ற மனசு வந்தது, பேன்ட்தான் வரவில்லை. கால் வீங்கிப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் எதிர்வீட்டு ஷபானாவைக் கூப்பிட்டேன். மேலே வேட்டி கட்டியிருந்தேன், கவலைப்படாதே. நான் கட்டிலைக் கட்டிக்கொள்ள, அவள் ஒரு கணுக்கால் பக்கமும் அவள் புருஷன் இன்னொரு பக்கமும் இழுத்தார்கள். திடீரென்று உருவிக்கொண்டு வந்ததில் ரெண்டு பேரும் ஃப்ரிட்ஜில் போய் மோதினார்கள். ஷபானா சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காகு, காகிமா கோபே ஆஷ்பேன்?" என்று கேட்டாள். நீ எப்போது வருவாய் என்று. டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய், அடுப்பைப் பற்றவைக்காமலே கொஞ்ச நேரம் நின்றேன்.

தேவிப்ரியாவுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மறுபடியும் சொல்கிறேன், நிதானமாக வா.

இப்படிக்கு,
உன் அனந்தகிருஷ்ணன்

பின்குறிப்பு: அவசரமில்லை, நிதானமாக வா என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடத்தான் பார்த்தேன், கடிதம் அசிங்கமாகிவிடுமே என்று விட்டுவிட்டேன். நாளைக்கு ஹவுராவில் ரயில் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். தபால்காரரிடமிருந்து நானே வாங்கி உன் கையில் கொடுக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை மொட்டை மாடியில் இருப்பேன்.