கூரோடாவின் காலித் தட்டு

"லீவா?" என்றார் கூரோடா.

குகநாதன் கேட்டது ஒரேயொரு சனிக்கிழமை. மகள் கௌசியின் வீணை அரங்கேற்றம். முன்வரிசையில் அப்பா இருக்கவேண்டும் என்று அவள் சொல்லிவைத்திருந்தாள். லண்டனில் இருக்கும் அந்த ஜப்பானியக் கம்பனியில் மேலதிகாரியிடம் லீவு கேட்பது, மாமியாரிடம் கறியில் உப்புக் குறைவு என்று சொல்வது மாதிரி. கூரோடா கந்தோர் முழுக்கக் கேட்கக் கத்தினார். கடைசியில், சனிக்கிழமை ஸ்டாக் எண்ணவும் குகநாதனே வரவேண்டும் என்றார்.

சமாதானப்படுத்தலாம் என்று குகநாதன் இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று எடுத்துக்கொண்ட கூரோடா, ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தார்.

மோர்டனில் இருந்த வீட்டில் மனைவி நகுலேஸ்வரி கேட்டுவிட்டுக் கொதித்தாள். "அந்த ஆளைச் சாப்பிடக் கூப்பிடுங்கோ. நான் லீவு வாங்கித் தாறன்."

வியாழக்கிழமை கூரோடா வந்தார். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் வீட்டுக்காரருக்கு அவமரியாதை என்று வளர்க்கப்பட்டவர்; வழித்துத் துடைத்து வைத்தார். காலித் தட்டென்றால் விருந்தாளிக்கு இன்னும் பசி என்று வளர்க்கப்பட்டவள் நகுலேஸ்வரி, புட்டைக் கொட்டினாள். அவர் வியர்க்க வியர்க்க முடித்தார். அவள் மறுபடியும் கொட்டினாள்.

"இஞ்சரப்பா, அவருக்குப் போதும்போல," என்றான் குகநாதன் மெதுவாக.

"நீங்கள் வாயை மூடுங்கோ. அவர் வெக்கப்படுறார். போய் நண்டுக்கறியை எடுத்துக்கொண்டு வாங்கோ. அதில்லை, பெரிய சட்டி. கெதியா."

குகநாதன் ஓடினான். கூரோடா வாயில் புட்டோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நகுலேஸ்வரி அவர் பக்கம் திரும்பி, "ஈட்," என்றாள். அவர் சாப்பிட்டார். இந்தக் கட்டத்தில் எனக்கே அந்த மனிதரில் இரக்கம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கூரோடா கத்தவில்லை. தன் கையாலேயே குகநாதனுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்து, தோளைத் தடவிவிட்டுப் போனார். காரியம் பலித்துவிட்டது என்று குகநாதன் எச்.ஆரில் வேலை செய்யும் ஜதுர்ஷிகாவிடம் ஓடினான்.

"தங்கச்சி, நாளைக்கு லீவுக்கு ஓம் எண்டிட்டாரோ?"

"இல்லையண்ணை." ஜதுர்ஷிகா குரலைத் தாழ்த்தினாள். "உங்களை நினைச்சு மனுசனுக்கு இரவு முழுக்க நித்திரையில்லையாம். அந்த வீட்டில இருந்து உங்களைக் காப்பாத்த, இனி எல்லாச் சனி ஞாயிறும் கந்தோருக்கே கூப்பிடச் சொன்னவர்."