சிவப்பு நூல் தைத்த கவர்

கவரின் வாயைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். பசை போதாதென்று யாரோ ஊசியை எடுத்து, தலையணை உறைக்குப் போடுகிற மாதிரி நெருக்கித் தையல் போட்டிருந்தார்கள். அலுவலகத்துக்கு வந்த தபாலைப் பிரித்துக்கொண்டிருந்த யமுனா கத்திரியால் நூலை வெட்டினாள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் பையும் சேர்ந்து வெட்டுப்பட்டது. சாம்பல் வெள்ளையில் ஒரு தூள் புஸ்ஸென்று கிளம்பி மேஜையிலும் கையிலும் முந்தானையிலும் படிந்தது.

மிரட்டல் மெயில், மர்மப் பார்சல் என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிற காலம். ஆனால் யமுனாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது பேப்பர் செய்தி இல்லை; ஸ்ரீரங்கத்தில் மாமியார் மடியில் இருக்கும் ஏழு மாதப் பிள்ளை. மதியம் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் அவனுக்குப் பால் கொடுத்துவிட்டு வருவது அவள் வழக்கம். இந்தக் கையால் அவனை எப்படித் தூக்குவது?

கவரை உதறாமல் அப்படியே மேஜைமேல் வைத்தாள். அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும், குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பிறகு போன். நல்ல திட்டம். அதைக் கெடுக்க அந்த அலுவலகத்தில் ஒருவரால்தான் முடியும். அவர் அப்போதுதான் உள்ளே வந்தார்.

"அசையாதீங்க!"

மண்டலத் துணை இயக்குநர் (பொறுப்பு) ஜெய்சங்கர். கன்டோன்மென்ட் பக்கம் 'சுற்றுப்புறத் தூய்மைச் சான்று அலுவலகம்' என்று தொங்குகிற பலகையில் அலுவலகத்தின் பெயரைவிட அவர் பெயர்தான் பெரிய எழுத்து. சென்னையில் பேரிடர்ப் பயிற்சி முடித்துவிட்டு வந்தவர். அங்கே 'செய்ய வேண்டியவை', 'செய்யக் கூடாதவை' என்று இரண்டு பட்டியல் கொடுத்தார்கள். சாருக்கு ஞாபகசக்தி அதிகம். இரண்டும் வரி விடாமல் மனதில் நின்றன. எந்த வரி எந்தப் பட்டியல் என்பதுதான் பயிற்சியில் போட்ட மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தது.

"கையக் கழுவிட்டு வந்துடறேன் சார்."

"கழுவறதா? உங்க கையில இருக்கறது ஆதாரம்மா! ஆதாரத்தை அழிக்கக் கூடாது."

யமுனா மருதாணி வைத்துக்கொண்டவள் மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அலி பாய்! முதல்ல காத்தோட்டம். ஃபேனைப் போடுங்க."

அலுவலக உதவியாளர் ஜெகபர் அலி தயங்கினார். "ஃபேனா சார்?"

"ஃபேனைப் பத்தித் தனியா ஒரு வரியே குடுத்திருந்தாங்க பாய்."

கொடுத்திருந்தது உண்மைதான். ஃபேன் முழு வேகத்தில் சுழன்றது. தூள் எழுந்தது, அறையை ஒரு வலம் வந்தது, கோப்புகளில் படிந்தது, டீ கிளாஸில் இறங்கியது. மிச்சம் சாரின் மையிட்ட மீசையில் உட்கார்ந்தது. அந்த மீசைக்கு அன்றுதான் வயதுக்கேற்ற நிறம் வந்தது.

"பாய், கிட்டப் போயி மோந்து பாருங்க. வாசனை வருதா?"

"எனக்கு ஜலதோஷம் சார். நீங்க பாத்துச் சொல்லுங்க."

"அதிகாரி மோந்து பாக்கற வழக்கம் இல்ல."

"உதவியாளருக்கும் இல்லைன்னு வெச்சுக்குங்களேன் சார்."

சார் அதைக் காதில் வாங்காமல், கொரோனா காலத்துச் சானிடைசர் புட்டியைத் தேடி எடுத்துவந்து கவர்மேல் தாராளமாகப் பீய்ச்சினார். கிருமி செத்ததா என்று தெரியவில்லை. கவரின் மேலிருந்த நீல மசி கரைந்து ஓடியது.

"சார், அனுப்புனவங்க விலாசம் இருந்துச்சே!" என்றாள் யமுனா.

"எங்க?"

"இப்ப இல்ல."

ஜெய்சங்கர் குனிந்து பார்த்தார். முகம் இறுகியது. "பாத்தீங்களா? பேரே போடாம அனுப்பியிருக்கான். திட்டம் போட்டுச் செஞ்சிருக்கான்."

உடனே கவரைப் படம் பிடித்து அதிகாரிகள் வாட்ஸப் குழுவில் போட்டார். 'நிலைமை என் கட்டுப்பாட்டில்' என்று கீழே ஒரு வரி. அந்தப் படம் அங்கிருந்து கிளம்பி டீ ஆறுவதற்குள் டிவிக்குப் போய்விட்டது. மேல்மாடி அலுவலகத்துக்காரர்கள் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, பாதுகாப்பு கருதி எல்லோரையும் தன்னுடைய ஏசி அறைக்குள் அழைத்துக்கொண்டார் சார். தூள் பட்டவர், படாதவர் என்ற பேதம் அத்தோடு ஒழிந்தது.

"சார், 112க்கு ஒரு போன் போட்டுடலாமே?"

"பயிற்சி முடிச்சவன் நான் இங்க நிக்கறேன். வெளியாள் எதுக்கும்மா?"

யமுனாவின் போன் அடித்தது. அலி பாய் ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தார். மாமியார் ரெங்கநாயகியின் குரலுக்குப் பின்னால் குழந்தையின் அழுகை அறை முழுக்கக் கேட்டது.

"பாட்டில் பாலை வாய்லயே வாங்கிக்க மாட்டேங்கறான்டி. அழுது அழுது தொண்டை கட்டிண்டுடுத்து. எப்போ வரப்போறே?"

"கொஞ்சம் வேலையா இருக்கேன்மா. சமாளிங்கோ, வந்துடறேன்."

வந்துடறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, நீட்டிய கையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நம்பிக்கை இல்லை. விரல் ரேகைக்குள்ளெல்லாம் தூள் ஏறியிருந்தது.

ஜெய்சங்கருக்கு அழுகையைக் கேட்டதும் மனம் இளகிவிட்டது. "நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க யமுனா. அரை நாள் லீவு, நானே குடுத்துடறேன்."

"இந்தப் புடவையோடவா சார்?"

"ஆமாம்மா. நீங்க போயிட்டா இங்க பாதி தூள் கொறஞ்ச மாதிரிதான?"

இந்த அலுவலகத்தில் சேர்ந்ததிலிருந்து யமுனா சாரிடம் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். "மாட்டேன் சார். இது என்னன்னு தெரியாம நான் எம் புள்ளகிட்ட போகமாட்டேன்."

அலி பாய் சத்தமில்லாமல் மாடிப்படிக்குப் போய் 112ஐ அழுத்தினார்.

சுகாதாரத் துறையிலிருந்து டாக்டர் வைஷ்ணவி வந்தார். கூடவே முகமூடியும் கையுறையும் போட்ட நான்கு பேரும், கொஞ்சம் போலீசும்.

"ஃபேனை யாரு போட்டது?"

எல்லோரும் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார்கள், அதுவே பதில் சொல்லட்டும் என்பது போல.

"இத்தனை பேரை ஏசி ரூம்ல யாரு அடைச்சது? கவர்மேல எதைத் தெளிச்சீங்க? கை கழுவறதை யாரு தடுத்தது?" டாக்டர் பெருமூச்சு விட்டார். "சார், ஒண்ணுமே செய்யாம கதவை மட்டும் சாத்தியிருந்தீங்கன்னா, ஒரு அறையோட போயிருக்கும்."

ஏசியும் ஃபேனும் நின்றன. கதவு சாத்தப்பட்டது. தூள் பட்ட எல்லோரும், அதாவது எல்லோருமே, வெளியே வேப்பமரத்தடியில் கயிறு கட்டிய இடத்துக்குள் உட்கார வைக்கப்பட்டார்கள். மோட்டார் அறையில் யமுனா தலையோடு குளித்தாள். புடவையை ஒரு பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு, தொளதொளவென்று ஒரு பச்சை ஆஸ்பத்திரி அங்கியைக் கொடுத்தார்கள்.

"இப்ப போலாமா டாக்டர்?"

"உங்களைப் பத்தி எனக்குப் பயமில்லம்மா. ஆனா தூள் என்னன்னு தெரியாம, கைக்குழந்தைக்குப் பால் குடுங்கன்னு என்னால சொல்ல முடியாது. அனுப்புனது யாருன்னு தெரிஞ்சாக்கூடக் கேட்டுடலாம்."

சானிடைசரைப் பற்றி யாரும் பேசவில்லை. போன் மறுபடி அடித்தது. யமுனா எடுக்கவில்லை, எடுத்தால் அழுகைதான் கேட்கும். அங்கி மார்பில் ஈரமாகிக்கொண்டிருந்தது. கைகளைக் கட்டி மறைத்துக்கொண்டாள்.

முகம் கழுவிய ஜெய்சங்கரோ கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீண்ட மைக்குகளைக் கண்டதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "இதைச் சாதாரணத் தூள்னு நெனைச்சிடக் கூடாது. ரொம்ப நைசானது. மூச்சு வழியா நுரையீரலுக்குப் போச்சுன்னா திரும்பி வராது. பெரியவங்களே தாங்க மாட்டாங்க, பச்சைப்புள்ளைங்க என்ன ஆவாங்க? குழந்தை இருக்கற வீட்டுப் பக்கம் இது ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது. ஒரு அதிகாரியா பொறுப்போட சொல்றேன்."

தன் வாயிலிருந்து இவ்வளவு கோர்வையாக விஷயம் வருவது அவருக்கே பிடித்திருந்தது. இன்னொரு முறை, வேறு சேனலுக்காக, முதலிலிருந்து சொன்னார்.

கூட்டத்தின் பின்னால் ஒரு நடுத்தர வயதுப் பெண் இரண்டு தடவையும் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போலீஸ்காரரின் முழங்கையைத் தொட்டாள்.

"ஏங்க, செவப்பு நூலு போட்ட கவரு இங்கதான வந்துச்சு? டிவில காட்டுனாங்க. அது நான் தச்சதுங்க. மணப்பாறை பஸ்ஸப் புடிச்சு ஓடியாந்தேன். எம் பேரு பாப்பாயி."

கூட்டம் சடாரென்று விலகி அவளுக்கு இடம் விட்டது. நான்கு போலீஸ்காரர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். ஜெய்சங்கர் இரண்டடி பின்வாங்கி, அங்கிருந்து தைரியமாகக் கத்தினார்.

"யாரு குடுத்து அனுப்புனது? சொல்லு! எந்த நாட்டு விஷம் அது?"

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் டாக்டர்.

யமுனா கயிறு வரைக்கும் ஓடிவந்தாள். குளித்த தலை சொட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, உங்கள யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க. அது என்ன தூள்னு மட்டும் சொல்லிடுங்க. வீட்ல எம் புள்ளைக்கு ஏழு மாசம். காலையிலேருந்து பட்டினி. நான் அவனைத் தூக்கலாமா, கூடாதா?"

பாப்பாயி அவளுடைய பச்சை அங்கியைப் பார்த்தாள், ஈரமான மார்பைப் பார்த்தாள். பிறகு மைக்குகளுக்கு நடுவில் நின்ற ஜெய்சங்கரைப் பார்த்தபடி சொன்னாள்:

"எங்க ஊரு கல்லு ஒடைக்கிற கிரஷர் தூசிதான் கண்ணு, எம் பேத்தி தொட்டில்ல தெனமும் படியுறது, புள்ளைங்களுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு போன மாசம் இந்த ஐயாதான் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் குடுத்தாரு."