இலவசப் பொருத்தம்

'நெக்ஸ்ட்' என்று வந்த இடத்திலெல்லாம் தெய்வசிகாமணி அமுக்கினார். ஐந்தாவது நெக்ஸ்ட்டில் லேப்டாப்பின் முகமே மாறிவிட்டது.

அவர் தேடிப்போனது ஓர் இலவச ஜாதகப் பொருத்த சாஃப்ட்வேர். கூடவே மூன்று டூல்பார்களும், ஒரு சீட்டாட்டக் கடையும், 'தனியாக இருக்கிறீர்களா?' என்று கண்ணடிக்கும் ஒரு பெண்ணும் வந்து இறங்கியிருந்தார்கள்.

லேப்டாப் மனைவி தேவகியுடையது. விழுப்புரத்தில் சயின்ஸ் டீச்சர். மகள் கலைப்பிரியா தானே தேர்ந்தெடுத்த பையனின் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். "ஜாதகம் கீதகம்னு யாராச்சும் வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான்" என்று தேவகி சொல்லி வைத்திருந்தாள். அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

கண்ணடித்தவளை மூடினார். இரண்டு பேர் வந்தார்கள்.

843 கோளாறுகள் இருப்பதாக ஒரு சிவப்புப் பெட்டி மிரட்டியது. சரிசெய்யும் கிளீனரும் இலவசம்தான். இறக்கினார். அது தன் சொந்தக்காரர்கள் நான்கு பேரைக் கூட்டிவந்தது. அவர்களை விரட்ட ஓர் ஆன்டிவைரஸ் போட்டார். பழைய ஆன்டிவைரஸும் புதியதும் கட்டிப் புரண்டதில் லேப்டாப் அப்படியே நின்றுபோனது.

போன் அடித்தது. தேவகி.

"ஏங்க, லேப்டாப்ப சார்ஜ்ல போட்டு வைங்க. அஞ்சு மணிக்கு வந்ததும் அரையாண்டு கொஸ்டின் பேப்பர அனுப்பணும். அதுலதான் இருக்குது."

"போ... போட்டுக்கினுதான் இருக்கேன்."

மணி பன்னிரண்டு. விழுப்புரத்துக் கடைகளில் கொடுக்க முடியாது. பாதி மெக்கானிக்குகள் தேவகியிடம் படித்தவர்கள். பையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சுதாகர் என்பவரின் கம்ப்யூட்டர் கடை.

"தம்பி, ஜல்தியா பாருப்பா. கொஸ்டின் பேப்பரு அழிஞ்சிடுச்சின்னா நான் ஊட்டுக்கே போவ முடியாது."

சுதாகர் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடமடவென்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார்.

"ஃபைலெல்லாம் பத்திரமா இருக்குது சார். இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

தெய்வசிகாமணிக்கு உயிர் வந்தது. எழுந்தவர், குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு உதவிப்பா. ஊட்டுக்காரம்மாவுக்கு இது தெரியக் கூடாது. யாருகிட்டயும் சொல்லிடாத."

"நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்? போன வாரம் டீச்சரம்மா இதே லேப்டாப்புல இதே ஜாதக சாஃப்ட்வேர ஏத்திக்கினு வந்து, 'எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது'ன்னாங்க. அதையே நான் யாருகிட்டயும் சொல்லலியே!"