ஜப்பான் கிட்டாருக்கு நான் போட்ட இலக்கம்

இலக்கமில்லாத பொருளைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். முப்பத்தொரு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கதிரை, அலுமாரி, மின்விசிறி எல்லாவற்றுக்கும் வெள்ளை எனாமலில் இலக்கம் எழுதிக் கணக்கெடுத்தவன் நான். ஓய்வு பெற்றும் வியாதி குணமாகவில்லை. (வீட்டுப் பூனை தப்பியது, ஓரிடத்தில் நிற்காததால் மட்டும்தான்.)

எத்தாளைக் கடற்கரையில் இருக்கும் என் தங்கை ரிஹானாவின் கணவர் நஸீர், இளமையில் கல்யாண வீடுகளில் கிட்டார் வாசித்தவர். அந்தப் பழைய ஜப்பான் மின்கிட்டார் பிறகு அலுமாரிக்கு மேல் படுத்துவிட்டது. சென்ற வருடம் அவருடைய படகின் எஞ்சின் செத்தது. சொந்தப் படகைக் கரையில் ஏற்றிவிட்டு, வேறொருவர் படகில் கூலிக்குப் போய் உல்லாசப் பயணிகளுக்கு டொல்பின் காட்டினார். அப்படி வந்த கென்ஜி என்ற ஜப்பான்காரர், நஸீரின் போனில் கிட்டாரின் படத்தைப் பார்த்ததும் டொல்பினை மறந்துவிட்டாராம். சனிக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். அசல் சாமானாக இருந்தால் புது எஞ்சினே வாங்கலாம்.

"ஒண்டும் செய்யவாணாமாம் மச்சான்," என்றார் நஸீர். "தூசியும் தட்டவாணாமாம்."

"அது முறை தெரியாத ஆக்களுக்குச் சொல்ற கதை," என்றேன்.

மூன்று நாள் இணையத்தில் படித்தேன். ஒலி வாங்கும் காந்தச் சுருள் எத்தனை, எந்த மாதிரி சுவிட்ச், கழுத்தும் உடலும் சேருமிடத்துத் தகட்டில் என்ன பொறித்திருக்கிறது என்றெல்லாம் பார்த்து, ஒரு கோப்பே திறந்து, அதில் படிவமும் போட்டேன். 'பழைய பூச்சைத் தொடக்கூடாது, பாதி மதிப்பு அதில்தான்' என்ற வரியைச் சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டும் வைத்தேன். படிவம் அழகாக நிரம்பியது, ஒரு கட்டத்தைத் தவிர. தகட்டில் 'ஜப்பானில் செய்தது' என்று மட்டும் இருந்தது. தொடர் இலக்கம் இல்லை.

வெற்றுக் கட்டம் உள்ள படிவத்தில் நான் ஒருநாளும் கையொப்பமிட்டதில்லை.

வெள்ளி பின்னேரம் கிட்டாரின் முதுகில், கதிரைக்கு எழுதுவதுபோல முன்னால் நின்று பார்ப்பவர் கண்ணில் படாத இடத்தில், 1/1 என்று எழுதினேன். பூச்சைத் தொடக்கூடாது என்பது நினைவிருந்தது. ஆனால் இலக்கம் எழுதுவது தொடுவதில் சேராது, அது நிர்வாகம். ஆறு மணித்தியாலத்தில் காயும் என்று டின்னில் போட்டிருந்தது. டின்னில் அதைப் போட்டவர் எங்கள் உப்புக் காற்றில் ஒரு துணியாவது காயப்போட்டுப் பார்த்திருக்கமாட்டார்.

சனி காலை கென்ஜி கருநீலச் சேர்ட்டில் வந்தார். கிட்டாரைக் கிடத்தியபடியே சுருள்களைப் பார்த்தார், ஆணிகளை எண்ணினார், நரம்பைத் தட்டிக் காது கொடுத்தார். கடைசியில் அவர் சொன்ன விலையைக் கேட்டு நஸீர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் மட்டுமல்ல, புது வலையும் அதற்குள் அடங்கும்.

பிறகு அவர் ஆசையாகக் கிட்டாரை எடுத்து வயிற்றோடு அணைத்து, கால் மணித்தியாலம் வாசித்தார். ரிஹானா தேத்தண்ணீர் கொண்டுவந்தபோதுதான் கிட்டாரை இறக்கினார். அவருடைய வயிற்றில் என் இலக்கம் வெள்ளையாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றது.

"நானா," என்றாள் ரிஹானா, அண்ணன் என்ற மரியாதை குறையாமல் மெதுவாக, "இது உங்கட எழுத்தெல்லோ?"

மறுக்கமுடியவில்லை. என் ஒன்றுகளுக்கு எப்போதும் காலில் ஒரு கோடு இருக்கும்.

அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். நான் தின்னரோடு ஓடிவந்தேன். எதையும் ஒழுங்காகச் செய்பவனாகையால் கிட்டாரின் முதுகை அழுத்தித் துடைத்தேன். இலக்கம் போனது. கூடவே, உள்ளங்கை அகலத்துக்கு ஜப்பானின் சிவப்புப் பூச்சும் போனது.

கென்ஜி கத்தவில்லை. அவர் முகம் மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர் முகம்போல் ஆனது. ஐம்பது வருடத்துக் கீறல்கள் அந்தக் கிட்டாருடையவை, இது உங்களுடையது என்று ஆங்கிலத்தில் பணிவாக விளக்கிவிட்டு, பாதி விலையைக் கொடுத்துக் கொண்டுபோனார். நான் படிவத்தை நீட்டினேன். அதை மட்டும் இலவசமாகவும் வாங்க மறுத்துவிட்டார்.

நஸீர் பாதி வலுவுள்ள பழைய எஞ்சின் ஒன்று வாங்கினார். இப்போது சொந்தப் படகில்தான் போகிறார், கரைக்குக் கடைசியாக வந்து சேர்கிறார். என்னிடம் ஒரு சொல்லும் கோபித்ததில்லை. ஆனால் பெருநாள் தொழுகை முடிந்து நான் கட்டித்தழுவப் போனால், ஒரு அடி பின்வாங்கித் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்து, "காஞ்சிட்டா மச்சான்?" என்பார். இப்போது பள்ளிவாசல் முற்றத்தில் முழுக் குடும்பமும் அதையே கேட்கிறது.

பெயின்ட்டும் வெள்ளை, உங்கள் ஜுப்பாவும் வெள்ளை, பட்டாலும் தெரியாது என்று விளக்கிப் பார்த்தேன். விளக்கம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.