பேய்க்குப் பத்துக்குப் பத்து

கிடங்கில் மதியச் சாப்பாட்டின்போது, திருத்த வந்த ‘என் வீடு’ என்ற கட்டுரையின் இரண்டாவது பத்தியை ஃபோனில் படித்ததும், ஸ்டோர்கீப்பர் கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டார்.

‘எங்கள் அலமாரி சரியாக மூடாது. காகிதம் மடித்துச் செருக வேண்டும். பச்சை வாளிக்குக் கைப்பிடி இல்லை. சாயங்காலம் ஒரு மனிதர் வருவார். ஒரு செருப்பை வாசலிலும் ஒரு செருப்பை உள்ளேயும் விடுவார். நான் எதிரிலேயே நிற்பேன். அவர் கண்ணுக்கு நான் தெரிவதில்லை.’

ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் இருந்தது. ஆனால் அந்த அலமாரி, அந்த வாளி, அந்தச் செருப்பு எல்லாம் அவருடையவை.

டயர் கிடங்கில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவர் அவர். இணையத்தில் இலவசமாக இங்கிலீஷ் சொல்லித்தருகிற வகுப்பில் சான்றிதழ் வாங்கினால் மேலாளர் ஆகலாம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் டயர்தான். அந்த வகுப்பில் வாத்தியார் என்று தனியாக யாரும் கிடையாது. முன்னால் சேர்ந்தவர் பின்னால் சேர்ந்தவரின் கட்டுரையைத் திருத்த வேண்டும். அக்கம்பக்கத்து ஆளாகப் பார்த்து அந்த இணையதளமே இருவரையும் கோத்துவிடும், பேர் மட்டும் சொல்லாது. திருத்தாவிட்டால் சான்றிதழும் கிடையாது. ஆகவே பேயே எழுதினாலும் திருத்தித்தான் ஆக வேண்டும்.

ஏழு மார்க் போட்டார். எதற்கு வம்பு என்று ஒன்பதாக்கினார்.

அன்று மாலை மனைவியிடம் மெல்லக் கேட்டார். “இந்த வீட்டுல நம்ம ரெண்டு பேரைத் தவிர யாராவது இருக்கற மாதிரி உனக்குத் தோணுதா?”

“ரெண்டு பேரா? ஒருத்தர் இருக்கற மாதிரிதான் எனக்குத் தோணுது.”

“யாரு?”

“நீங்கதான்.”

“விளையாடாதே. நானே பயந்துபோய் இருக்கேன்.”

“ஏங்க, நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு...”

“அப்புறம் சொல்லு” என்றார். யாரும் புழங்காத பின்னறையின் கதவைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார்.

விளக்கை அணைக்காமல் படுக்க ஆரம்பித்தார். அடுத்த கட்டுரை வந்தது. ‘அந்த மனிதர் இப்போது விளக்கோடு தூங்குகிறார். அவர் தூங்கிய பிறகு நான் அணைக்கிறேன். கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.’

அன்று வீட்டுக்குப் போன கையோடு அலமாரியை நகர்த்திப் பின்னறைக் கதவை அடைத்தார். இத்தனை கனத்த அலமாரி எப்படி இவ்வளவு லேசாக வந்தது என்று அப்போதே அவருக்கு ஆச்சரியம்தான்.

‘நேற்று அலமாரியை நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. அந்தப் பக்கம் நின்று நானும் தள்ளினேன்’ என்று அடுத்த கட்டுரையில் எழுதியிருந்தது. ‘அவர் தேடுவதற்கு முன்பே கண்ணாடியை எடுத்து வைப்பேன். சட்டையை மடித்து வைப்பேன். எல்லாம் தானாக நடப்பதாக அவர் நினைக்கிறார்.’

ஸ்டோர்கீப்பர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை உடனே கழற்றிப் போட்டுவிடலாம் போல இருந்தது. பத்துக்குப் பத்து போட்டார்.

கிடங்கில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

“அதை விரட்டப் பாக்காதீங்க சார். மரியாதையா, என்ன வேணும்னு கேளுங்க” என்றார் அவர்.

திருத்தத்தின் கீழே தட்டினார்: ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’

பதில் அடுத்த கட்டுரையில் வந்தது. ‘இந்தக் கேள்வியை இதுவரை யாருமே என்னிடம் கேட்டதில்லை. வெகுநேரம் அழுதேன். என்ன வேண்டும் என்று தெரியவில்லை. இந்த வீட்டில் இருக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.’

பிடி கிடைத்துவிட்டது. இலக்கண வகுப்பில் கற்றதையெல்லாம் கொட்டி, தன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த ஆங்கிலத்தில் எழுதினார்: ‘அந்த வீட்டில் உங்களுக்கு இனி வேலை இல்லை. அந்த மனிதருக்கு நீங்கள் தேவையும் இல்லை. உங்களுக்கென்று ஓரிடம் இருக்கும். அங்கே போய் நிம்மதியாக இருங்கள்.’

‘நீங்கள் சொல்வது சரி. வெள்ளிக்கிழமை போகிறேன். நன்றி’ என்று வந்தது.

வியாழன் மாலை அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி கதவோரம் வந்து நின்றாள்.

“நாளைக்கு...” என்று ஆரம்பித்தாள்.

“எதுவா இருந்தாலும் நாளைக்குச் சாயங்காலம் பேசிக்கலாம். நாளையோட எல்லாம் சரியாயிடும்.”

“சரிங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. கடைக்குப் போயிருப்பாள் என்று தன் சாவியால் திறந்தார். உள்ளே அப்படி ஓர் அமைதி. காலையில் கட்டிலில் வீசிய ஈரத்துண்டு வீசிய இடத்திலேயே கிடந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. காகிதம் கீழே விழுந்து, அலமாரிக் கதவு வாயைப் பிளந்து நின்றது. எதையும் யாரும் தொடவில்லை.

போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. இந்த நல்ல சேதியை முதலில் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது, வாசலில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா இன்னொரு சாவியோடு நின்றார்.

“வீட்டம்மா இதை உங்ககிட்டக் குடுக்கச் சொல்லிட்டு, பெட்டியோட மத்தியானமே கிளம்பிட்டாங்க தம்பி. நெட்டுல அவங்களுக்கு ஒரு இங்கிலீஷ் வாத்தியார் கிடைச்சாராம், ‘உனக்கு என்ன வேணும்’னு கேட்ட ஒரே மனுஷனாம்; அவர்தான் போகச் சொன்னாராம்.”