சோலார் மில்லும் என் குடைப் போராட்டமும்

மாரிசெல்வியைக் கேட்காமல் ஒரு காரியமாவது செய்து முடிப்பது என்று, கல்யாணமாகிப் பதினெட்டாம் வருஷம் முடிவெடுத்தேன். காரியம் பெரியது. மம்சாபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிச் சும்மா கிடக்கும் ஒற்றை அறையில், சூரிய சக்தியில் இயங்கும் மனமகிழ் மன்றம்! கரண்ட் போனாலும் ஃபேன் சுற்றும். வியர்வையில் சீட்டு கையோடு ஒட்டாது.

வழி சொன்னவன் என் சீட்டுக் கூட்டாளி கண்ணுச்சாமி. தெருக்காரர்களே கூடி நடத்தும் சூரிய சக்தித் திட்டங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறக்கட்டளை சின்னச் சின்ன நிதியுதவி தருகிறதாம்.

"பூமியோட சூடு குறையுமாம்ல," என்றேன்.

"மொதல்ல நம்ம சூடு குறையட்டும்," என்றான் கண்ணுச்சாமி.

விண்ணப்பத்தில் ஒரு கொக்கி இருந்தது. குழுவுக்குப் பெண்தான் தலைமை தாங்க வேண்டும். ஆக, முடிவெடுத்த மூன்றாம் நாளே மாரிசெல்வி முன்னால் போய் நின்றேன்.

"ஏட்டி, ஒரு கையெழுத்து போடு. நீதான் தலைவி."

"எதுக்குத் தலைவி?"

"தெருவுக்கு. சோலார் வருது."

"தலைவின்னா என்ன செய்யணும்?"

"கையெழுத்து போடணும். அம்புட்டுதான்."

"உங்க எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்."

நான் சொல்லச் சொல்ல எழுதினாள். தெருப் பெண்கள் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கி வந்தாள். ராஜபாளையம் நூல் மில்லில் நான் ஃபிட்டர். கம்பெனி பஸ் வாசலில் ஹாரன் அடித்த நேரம் பார்த்து, "இடத்துக்காரர் இங்க போடணும்," என்று நீட்டினாள். படிக்காமல் போட்டேன். பஸ்ஸில் போகும்போது ஒரு தலைவனுக்குரிய கம்பீரம் எனக்கு வந்திருந்தது.

அடுத்த மாதம் அறக்கட்டளையிலிருந்து ஷெரின் என்ற பெண் நேரில் விசாரிக்க வந்தார். தெருவே கூடிவிட்டது.

"இந்தத் தெருவுல பெரிய கஷ்டம் எது?" என்று கேட்டார்.

"பொழுது போக மாட்டேங்குது," என்றேன்.

அய்யம்மாள் அக்கா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். கூலி வேலைக்குப் போகிறவள். "மாவு திரிக்கதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போணும்மா. மிளகா டின்னைப் பார்த்தாலே கண்டக்டர் ஏறாதங்கான். ஏறிப் போனா அங்க கரண்ட் இருக்காது. காத்துக் கிடந்தா அன்னைக்குக் கூலி போச்சு. வீட்டுக்கு வெறுங்கையோட வரணும்."

எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அதுக்கும் மன்றத்துக்கும் என்ன சம்பந்தம்?"

ஷெரின் விண்ணப்பத்தைப் புரட்டினார். "எந்த மன்றம்? இதுல சோலார் மாவு மில்லுன்னுல்ல இருக்கு? இடத்தை அஞ்சு வருஷத்துக்கு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஏட்டி! நான் மனமகிழ் மன்றம்னுல்ல சொன்னேன்?"

"நீங்க சொன்னதும் 'ம'னாதான். மாவு மில்லும் 'ம'னாதான். தலைவி ஒரு திருத்தம் போட்டேன்."

மானியம் வருவதற்கு முன்பே மானம் போய்விட்டது.

மில் வந்தது. கூரைமேல் பேனல், உள்ளே மெஷின். நூல் மில்லில் இருபது வருஷம் உழைக்கிறவனுக்கு வீட்டுப் பக்கத்திலும் மில்லா? அறைப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று அறிவித்தேன். "அங்க படுக்க இடமும் இல்ல," என்றாள் மாரிசெல்வி. கண்ணுச்சாமியைத் துணைக்குத் தேடினால், அவன் கம்பு டின்னோடு வரிசையில் நிற்கிறான்!

தனி ஆளாகக் களம் இறங்கினேன். இறங்கவில்லை, ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏணி வைத்துக் கூரைக்குப் போய், பேனலுக்கு நேராகக் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தேன். நிழல் விழுந்தது. கீழே மெஷின் முனகி நின்றது. பதினெட்டு வருஷத்தில் என் பேச்சுக்கு நிற்காதது, என் குடைக்கு நின்றது!

மாரிசெல்வி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அங்க என்ன செய்யுதீய?"

"போராட்டம்!"

"எம்புட்டு நேரத்துக்கு?"

"மன்றம் வார வரைக்கும்!"

"சரி," என்றவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

செத்த நேரத்தில் மலைக்காற்று ஒன்று வந்தது. குடை மடங்கி, பறந்து, தெருவில் விழுந்தது. மெஷின் மறுபடி ஓடியது. தளம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். கூரைமேல் நிழல் ஒரே இடத்தில்தான் இருந்தது. யாரை எதிர்த்து ஏறினேனோ, அந்தப் பேனலுக்கு அடியிலேயே போய்க் குந்தினேன். கொள்கையில் மாற்றமில்லை. இடத்தில்தான் மாற்றம்.

"ஏட்டி, தண்ணி!"

"வருது, வருது. கயிறு வீசுதேன், பிடிங்க!"

இழுத்தேன். வாளித் தண்ணீரோடு ஒரு செம்பும் பழைய துணியும் வந்தன.

"துணி எதுக்கு?"

"குடிச்சது போக மிச்சத்துல பேனலைத் துடைங்க. தூசி படிஞ்சா மில்லு மெதுவா ஓடுதாம், ஷெரின் சொன்னாங்க. ஏறுறதுக்குத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு."

"முடியாது! நான் போராட்டத்துல இருக்கேன்!"

"இருங்க. துடைச்சாத்தான் ஏணி."

கீழே வரிசையில் காத்திருந்த இருபது டின்னும் என்னையே பார்த்தன. துடைத்தேன். மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். அய்யம்மாள் அக்கா கைதட்டினாள். ஏணி வந்தது. இறங்கியதும் நெஞ்சை நிமிர்த்தி, தெருவே கேட்கும்படி சொன்னேன்:

"இது இன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான்!"

"ஆமாங்க, இன்னைக்கு மட்டும்தான்," என்றாள் மாரிசெல்வி. "பொறவு அடுத்த ஞாயித்துக்கிழமைதான்."