ஏன் அண்ணாச்சி

கோவில்பட்டியில் வீடு வாங்கியவர்களை எல்லோருக்கும் தெரியும். வாங்காமல் போனவர்களைத் துப்புத் துலக்கி வைத்திருந்த ஒரே மனிதர், வீட்டு புரோக்கர் ஏன் அண்ணாச்சிதான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வீடு பிடிக்காமல் ஒருவர் போனால் மற்ற புரோக்கர்கள் அடுத்த ஆளைத் தேடுவார்கள். இவர் போனவரின் பின்னாலேயே போவார். "வாங்காண்டாம். ஏன் வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க." பெயர் வந்தது இப்படித்தான்.

ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளி, வாஸ்து சரியில்லை என்று ஒரு வீட்டை ஒதுக்கிவிட்டார். அண்ணாச்சி நம்பவில்லை. முதலாளி சவரத்துக்கு உட்கார்ந்திருந்த சலூனுக்கே போய், பக்கத்து நாற்காலியில் தானும் சோப்பு நுரையோடு உட்கார்ந்து கேட்டார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் பொய் சொல்வார்கள்?

"எதுத்த வீட்டுல என் சம்பந்தி இருக்காருவே! தினமும் அவரு மூஞ்சில முழிக்கச் சொல்லுதீரா?"

இன்னொரு வீட்டில் படுக்கையறை இருட்டு என்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, ஜன்னலை மறைத்த பீரோவை நகர்த்த வைத்தார். அடுத்து வந்தவர் வாங்கிவிட்டார்.

எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தபோது, எங்கள் வீட்டை விற்கும் பொறுப்பை அவரிடம்தான் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் சிரித்த முகமாய் நுழைந்தார்கள். அடுப்படியைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது முகம் மாறியிருந்தது. "சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். அண்ணாச்சி எத்தனை தடவை ஏன் என்று கேட்டும் காரணம் கிடைக்கவில்லை. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியாகப் பசுவந்தனையிலிருந்து வந்த குடும்பமும் அப்படியே கிளம்ப, அவர்களோடு பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம்தான் திரும்பி வந்தார். என் மனைவி காபி கொண்டுவந்தாள். அவர் தம்ளரைத் தொடவில்லை.

"சார், வீட்டுல ஒரு குறையும் இல்ல. மழை பெஞ்சா கரிசல் மண்ணு சுவத்தைப் பொளந்துரும், கிணத்துத் தண்ணி உப்புன்னு, வாரவிய கிட்டல்லாம் தங்கச்சிதான் அடுப்படில வச்சு சொல்லுதாவ."

நான் திகைத்துப் போனேன். எங்கள் சுவரில் ஒரு கீறல் கிடையாது. கிணறே கிடையாது!

அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பினார். வழக்கமான விடாப்பிடி இல்லாமல், மெதுவாகக் கேட்டார்:

"ஏன் தங்கச்சி?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "விக்கட்டுமான்னு எங்கிட்ட யாருண்ணாச்சி கேட்டா? போற ஊரு ஒத்துக்கலைன்னா, திரும்பி வர எனக்கு வேற எடம் ஏது? பொறந்த வீடும் இல்ல."

அண்ணாச்சி ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

"சார், இது விக்கிற வீடு இல்ல. வாடகைக்கு ஆளு பாக்கேன்."

சொன்னபடியே பார்த்தும் கொடுத்தார். சில வருஷங்களில் நாங்கள் அதே வீட்டுக்குத் திரும்பினோம். மகள் கல்யாணத்தையும் கோவில்பட்டியிலேயே வைத்தோம். என் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. தாய்மாமன் வரலாம் என்று ஐயர் கூப்பிட்டதும், புது வேட்டி தடுக்க அவசரமாக மணமேடை ஏறியவர் ஏன் அண்ணாச்சி.